பழைய கணினியே போதும், பிள்ளைகளே!

உங்களில் பலருடைய வீட்டில் இந்த வழக்கு நடந்திருக்கும். “இந்தக் கம்ப்யூட்டர் ஆகாதுப்பா, வேற வாங்கிக் கொடுங்க” என்று பிள்ளை நிற்கும். “வாங்கி ஆறு மாசம் ஆகலையே, அதுக்குள்ளயா கெட்டுப்போச்சு?” என்று தகப்பனார் நிற்பார். இருவருக்கும் நடுவில், அடுப்பை அணைத்துவிட்டு வந்து நிற்பாள் தாய். என் அக்காள் வீட்டிலும் சென்ற ஆண்டு இதே வழக்குத்தான். அதை எப்படித் தீர்த்தோம் என்று சொல்லவே இந்தக் கட்டுரை. கணினியில் விளையாடுவதைப் படமாகப் பதிவு செய்யும் பிள்ளைகள் உள்ள வீட்டார் சற்று நிதானமாகப் படியுங்கள். பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

அக்காள் மகன் படிவம் நான்கில் படிக்கிறான். மைன்கிராஃப்ட் என்னும் விளையாட்டில் அவனுக்கு அலாதிப் பிரியம். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: 2009-இல் முதன்முதலாக வெளிவந்து, 2011-இல் முழு வடிவம் பெற்ற விளையாட்டு அது. சதுரம் சதுரமான கட்டிகளை அடுக்கி வீடு, கோயில், ஊர் என்று எதை வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம். கணினி விளையாட்டென்றால் சுடுவதும் வெட்டுவதும்தான் என்று நினைத்திருந்தவன் நான். ஒருநாள் அவன் “மாமா, இதைப் பாருங்க” என்று திரையைத் திருப்பினான். பார்த்ததும் எனக்குப் பேச்சு வரவில்லை. எங்கள் அம்மா பால் வெட்டிய தோட்டத்தை அவன் கட்டி வைத்திருந்தான்!

பிரட்டுக் களம், இரட்டை லயங்கள், ஆயாக் கொட்டகை, பால் ஸ்டோர், மேட்டின் மேல் முனியாண்டி கோயில், எல்லாம் இருந்தன. அந்தத் தோட்டம் இன்றைக்கு இல்லை. பால்மரங்கள் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் இப்போது தாமான் வீடுகளும் கடைகளும் நிற்கின்றன. இவன் பிறப்பதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. பாட்டி சொல்லக் கேட்டுக் கேட்டே ஒவ்வொரு கட்டியாக வைத்திருக்கிறான். அவனுடைய ஆசை இதுதான்: விளையாட்டிற்குள் அந்தத் தோட்டத்துப் பாதையில் அவன் நடந்து போவான், பக்கத்தில் உட்கார்ந்து பாட்டி ஒவ்வோர் இடத்தையும் பற்றிப் பேசுவார், படமும் குரலும் சேர்ந்து பதிவாக வேண்டும்.

நாற்பது நிமிடம் வீணானது

அவனிடம் இருப்பது 800 வெள்ளிக்கு வாங்கிய பழைய மடிக்கணினி. ஏதோ அலுவலகத்தில் ஓடிக் கழித்துவிட்டது. இன்டல் ஐ5 எட்டாம் தலைமுறை, 8 ஜிபி நினைவகம், தனி கிராஃபிக்ஸ் அட்டை கிடையாது, மின்கலமும் செத்துப்போனது. செருகியே இருக்க வேண்டும். அதில் ஓபிஎஸ் ஸ்டூடியோ என்ற மென்பொருளைப் போட்டிருந்தான். ஹியூ பெய்லி என்பவர் 2012-இல் தொடங்கிய இலவச மென்பொருள் அது. உலகமெங்கும் விளையாட்டைப் பதிவு செய்பவர்கள் பெரும்பாலும் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள், காசு கேட்பதில்லை.

மென்பொருளில் குறை இல்லை. பையன் செய்த பிழை வேறு. பெரிய பெரிய கணினிகளை வைத்து விளையாடும் ஒருவர் தம்முடைய ‘செட்டிங்ஸ்’ இவைதான் என்று காட்டியதை அப்படியே எழுதி வைத்துத் தன் கணினியில் போட்டுவிட்டான். முழு அளவுப் படம், நொடிக்கு 60 சட்டங்கள், மிக உயர்ந்த தரம். முதலாளி வீட்டு மோட்டார் வண்டிக்குரிய வேகத்தை நம் கப்சாயில் பிடிக்க முயன்ற கதைதான்! விளையாட்டு நொண்டியது. பதிவான படம் நின்று நின்று நகர்ந்தது.

ஆனாலும் ஒரு சனிக்கிழமை மாலை, எப்படியோ ஆகட்டும் என்று பாட்டியை உட்கார வைத்துத் தொடங்கிவிட்டான். அம்மாவும் உற்சாகமாகப் பேசினார். ஆயாக் கொட்டகையைக் கண்டதும், என் அக்காளைத் தொட்டிலில் போட்டுவிட்டு வேலைக்குப் போன நாள் நினைவுக்கு வந்து, அங்கிருந்த ஆயா பாடும் தாலாட்டு ஒன்றைப் பாடியும் காட்டினாராம். நாற்பதாவது நிமிடத்தில் இடி இடித்தது. மின்சாரம் ‘டிரிப்’ ஆனது. கணினி அணைந்தது. திரும்பவும் திறந்து பார்த்தால், பதிவான கோப்பு பெரிதாக உட்கார்ந்திருக்கிறது. ஆனால் எதிலும் ஓடவில்லை. பையன் கோபத்தில் அதை அழித்துவிட்டான்.

அதன் பிறகுதான் புதுக் கணினிப் பேச்சு எழுந்தது. பட்டணத்துக் கடை ஒன்றில் 4,000 வெள்ளிக் கணினியைத் தவணையில் தருவதாகச் சொல்லி, அத்தான் கையெழுத்துப் போடுகிற கட்டத்துக்கு வந்துவிட்டார். அவர் செம்பனை ஆலைக்கு லோரி ஓட்டுகிறவர். அந்தத் தவணை எங்கிருந்து போகும் என்று எனக்குத் தெரியும். “ஒரு வாரம் பொறுங்க அத்தான்” என்றேன். நான் கணினி பழுது பார்ப்பவன் அல்ல. கல்யாண வீட்டு வீடியோக்களை வெட்டி ஒட்டிப் பிழைப்பவன். படப் பதிவின் சூட்சுமம் கொஞ்சம் தெரியும். அந்த ஒரு வாரத்தில் நானும் பையனும் செய்தவற்றைத்தான் இனிச் சொல்லப் போகிறேன்.

கணினி எத்தனை வேலை பார்க்கிறது?

பால் வெட்டுகிறவரே, வெட்டிய கையோடு பாலையும் எடுத்து, வாளியை ஸ்டோருக்கும் சுமந்து, அங்கே கணக்கையும் தாமே எழுத வேண்டும் என்றால் என்ன ஆகும்? பதிவு செய்யும்போது கணினியின் பாடும் அதுதான். விளையாட்டை ஓட்ட வேண்டும். திரையில் தெரிவதைச் சட்டம் சட்டமாக எடுத்துச் சேர்க்க வேண்டும். அந்தச் சட்டங்களைச் சுருக்கிக் கோப்பாக எழுத வேண்டும்.

சுருக்காமல் எழுதினால் என்ன என்று கேட்பீர்கள். கணக்குப் பாருங்கள். முழு அளவுத் திரை என்பது குறுக்கே 1920, நெடுக்கே 1080 புள்ளிகள். மொத்தம் 20 லட்சத்து 73 ஆயிரத்து 600 புள்ளிகள். ஒரு புள்ளிக்கு மூன்று பைட் வைத்தால், ஒரே ஒரு சட்டம் 6 எம்பிக்கு மேல் வரும். நொடிக்கு 60 சட்டம் என்றால் நொடிக்கு 370 எம்பி. அக்காள் மகன் கணினியில் உள்ள 256 ஜிபி வட்டு முழுவதும் காலியாக இருந்தாலும் பன்னிரண்டு நிமிடத்துக்குள் நிரம்பிவிடும். ஆகவேதான் சுருக்கியே தீர வேண்டும். அந்தச் சுருக்கும் வேலைதான் மிகக் கடினமானது.

மருந்து கொடுக்கும் முன் நோய் எங்கே என்று பார்ப்பதுதானே முறை? படம் நொண்டுகிறது என்றால் காரணம் ஒன்றல்ல. ஓபிஎஸ்ஸில் ‘ஸ்டேட்ஸ்’ என்றொரு பலகை உண்டு. அதைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு நிமிடம் விளையாடிப் பதிவு செய்யுங்கள். ‘ரெண்டரிங் லேக்’ என்பதற்கு எதிரே உள்ள எண் ஏறினால், கிராஃபிக்ஸ் பகுதி மூச்சு முட்டுகிறது. விளையாட்டே அதன் சக்தி முழுவதையும் உறிஞ்சிவிட்டது என்று பொருள். ‘என்கோடிங் லேக்’ என்பதற்கு எதிரே உள்ள எண் ஏறினால், சுருக்குகிறவருக்குத்தான் வேலை மிஞ்சிவிட்டது. எங்கள் பையனுக்கு இரண்டும் ஏறின. முதல் நாள் அதைப் பார்த்து இருவரும் சிரித்துவிட்டோம்.

எதை விடுவது, எதைப் பிடிப்பது?

எளிய கணினியில் எல்லாம் வேண்டும் என்று நின்றால் எதுவும் கிடைக்காது. அவனிடம் கேட்டேன்: “உனக்கு முக்கியம் படமா, பாட்டி குரலா?” கொஞ்சம் யோசித்து, “பாட்டி குரல்தான், மாமா” என்றான். அந்தப் பதிலே மற்ற எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டது.

முதலில் படத்தின் அளவு. ‘செட்டிங்ஸ்’ சென்று ‘வீடியோ’ பகுதியில் 1920-க்கு 1080 என்று இருந்ததை 1280-க்கு 720 ஆக்கினோம். சட்டங்களை 60-இலிருந்து 30 ஆக்கினோம். கேட்பதற்கு ஏதோ கொஞ்சம் குறைத்ததுபோல் இருக்கும். உண்மையில் நொடிக்குச் சுமக்க வேண்டிய புள்ளிகள் நாலரை மடங்கு குறைந்துவிட்டன! கைப்பேசியிலோ வரவேற்பறைத் தொலைக்காட்சியிலோ பார்ப்பவர்களுக்கு, மெதுவாக நடந்து போகும் காட்சியில் இந்த வேற்றுமை பெரிதாகத் தெரியாது. பந்தயக் கார், துப்பாக்கி விளையாட்டு என்றால் கண் கண்டுபிடித்துவிடும். அப்படிப்பட்டதைப் பதிவு செய்பவர்கள் அளவை 720-இலேயே வைத்து, சட்டங்களை மட்டும் 60 ஆக்கிப் பார்க்கலாம்.

இங்கே ஒரு குறிப்பு. அந்த ‘வீடியோ’ பகுதியில் ‘பேஸ்’ என்றும் ‘அவுட்புட்’ என்றும் இரண்டு அளவுகள் கேட்கும். விளையாட்டையே 1280-க்கு 720 அளவில் ஓட்டி, இரண்டிலும் அதே அளவைப் போட்டால் படத்தைச் சிறிதாக்கும் வேலைகூட மிச்சம். இரண்டும் வெவ்வேறாக இருந்தால், சிறிதாக்கும் முறைகளில் ‘பைலினியர்’ என்பது மிக இலேசானது. சற்று மங்கலாக இருக்கும், அவ்வளவுதான்.

அடுத்து, சுருக்குகிறவர் யார் என்பது. இதைத்தான் ‘என்கோடர்’ என்கிறார்கள். ‘எக்ஸ்264’ என்று தேர்ந்தெடுத்தால், கணினியின் மூளையே விளையாட்டையும் ஓட்டிக்கொண்டு சுருக்கவும் வேண்டும். ஆனால் இன்டல் நிறுவனம் 2011 முதல் தன் சில்லுகள் பலவற்றில், சுருக்கும் வேலைக்கென்றே ஒரு தனிப் பகுதியை வைத்துவிட்டது. ‘குயிக் சிங்க்’ என்பது அதன் பெயர். என்விடியா அட்டைகளில் ‘என்வெங்க்’ என்றும், ஏஎம்டியில் வேறு பெயரிலும் அதே போன்ற பகுதிகள் 2012 முதல் வந்தன. வெட்டுகிறவர் வெட்ட, சுமக்கிறவர் சுமக்க, தனித்தனி ஆள் போட்டதுபோல. ‘அவுட்புட்’ பகுதியில் என்கோடர் பட்டியலை விரித்துப் பாருங்கள். ‘கியூஎஸ்வி’, ‘என்வெங்க்’, ‘ஏஎம்டி’ என்று ஏதேனும் பெயர் தென்பட்டால் அந்த ஆள் உங்கள் கணினியில் இருக்கிறார். பையனின் கணினியிலும் இருந்தார். ஆறு மாதமாகச் சும்மா உட்கார்ந்திருந்தார்!

அப்படி யாரும் இல்லாத கணினி என்றால் மனம் தளர வேண்டாம். எக்ஸ்264-ஐயே வைத்துக்கொண்டு, அதன் வேகப் படிகளில் ‘வெரிஃபாஸ்ட்’ என்பதை ‘சூப்பர்ஃபாஸ்ட்’ அல்லது ‘அல்ட்ராஃபாஸ்ட்’ ஆக்குங்கள். கோப்பு பெரிதாகும், ஆனால் மூளைக்குச் சுமை குறையும்.

தரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ‘சிபிஆர்’ என்ற முறை நேரடியாக ஒளிபரப்புகிறவர்களுக்கு உரியது. திரையில் ஒன்றுமே நடக்காத நேரத்திலும் அது ஒரே அளவில் எழுதிக்கொண்டே போகும். நாம் வட்டில் பதிவு செய்கிறோம். நமக்கு அது வீண். எக்ஸ்264-இல் ‘சிஆர்எஃப்’, குயிக் சிங்கில் ‘ஐசிகியூ’, மற்றவற்றில் ‘சிகியூபி’ என்று ஒரு முறை இருக்கும். அதில் ஓர் எண் கேட்பார்கள். இந்த எண் குறையக் குறையத் தரம் கூடும். பிள்ளைகள் பலர் இதைத் தலைகீழாக நினைத்துக்கொள்கிறார்கள். 23-இல் தொடங்குங்கள். படம் கட்டம் கட்டமாக உடைந்து தெரிந்தால் 20-க்கு இறக்குங்கள். எக்ஸ்264-இல் ஆறு எண் இறக்கினால் கோப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், வட்டில் இடம் போதுமா என்று முன்னதாகவே தெரிந்துவிடும்.

கிராணியும் செக்ரோலும்

இனி அந்த அழிந்த கோப்பின் விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு மனம் ஆறாத இடம் இதுதான்.

பையன் ‘எம்பி4’ வகையில் பதிவு செய்திருந்தான். வாட்சாப்பில் அனுப்பினால் எல்லாருக்கும் திறக்கும் என்பது அவன் நினைப்பு. தவறில்லை. ஆனால் வழக்கமான எம்பி4 கோப்பில், எந்தச் சட்டம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை பதிவை நிறுத்தும்போது கடைசியில்தான் எழுதப்படும். ஸ்டோரில் காலையிலிருந்து எல்லாருடைய பாலையும் தொட்டியில் ஊற்றிக்கொண்டே இருந்து, செக்ரோலைச் சாயந்திரம் ஒட்டுமொத்தமாக எழுதிக்கொள்ளலாம் என்றிருக்கும் கிராணியைப் போல. நடுவில் அவர் மயங்கி விழுந்துவிட்டால்? பால் தொட்டியில் இருக்கிறது. யாருடையது எவ்வளவு என்ற கணக்குதான் இல்லை. அன்றைக்கு அத்தனை பேர் கூலியும் போயிற்று.

‘எம்கேவி’ என்ற வகை வேறு மாதிரி. ஒவ்வொருவர் பாலையும் நிறுத்த உடனேயே எழுதிவிடும் கிராணி அது. மின்சாரம் போனாலும், அந்த நொடி வரைக்கும் பதிவானது கிடைத்துவிடும். கடைசித் துணுக்கு மட்டும் போகலாம். பதிவு முடிந்த பிறகு ஓபிஎஸ்ஸின் ‘ஃபைல்’ பட்டியில் ‘ரீமக்ஸ் ரெக்கார்டிங்ஸ்’ என்பதை அழுத்தினால், தரம் சிறிதும் குறையாமல் அதே படம் எம்பி4 ஆகிவிடும். மறுபடி சுருக்குவதில்லை, பெட்டியை மட்டும் மாற்றுகிறது. அதனால் சீக்கிரம் முடிந்துவிடும். 2024-இல் வந்த 30.2 பதிப்பிலிருந்து, பாதியில் நின்றாலும் கெடாத ‘ஹைப்ரிட் எம்பி4’ என்ற வகையையும் ஓபிஎஸ்ஸில் சேர்த்திருக்கிறார்கள். இரண்டில் எது இருந்தாலும் சரி. பழைய எம்பி4 மட்டும் வேண்டாம். இடியும் மழையும் நம் நாட்டில் சொல்லிவிட்டா வருகின்றன?

இன்னொன்றையும் கேளுங்கள். கெட்டுப்போன எம்பி4 கோப்பை, அதே கணினியில் அதே அமைப்பில் பதிவான நல்ல கோப்பு ஒன்று கையில் இருந்தால், அதைப் பார்த்து அட்டவணையை மறுபடி கட்டித்தரும் மென்பொருள்கள் உண்டு. எல்லா நேரமும் பலிக்காது. பல நேரம் பலித்திருக்கிறது. ஆகவே, ஓடவில்லை என்று எந்தப் பதிவையும் உடனே அழித்துவிடாதீர்கள். இதை நான் சொன்னபோது பையன் தலையைக் குனிந்துகொண்டான். அந்தத் தாலாட்டு அந்தக் கோப்போடு போயிற்று. பிறகு எத்தனை முறை கேட்டும், “அது அன்னிக்கு வந்துச்சு, இப்ப வரலைப்பா” என்கிறார் அம்மா.

குரலுக்குத் தனித் தடம்

கல்யாண வீடியோக்களில் நான் படும் பெரிய பாடு, நாதஸ்வரமும் தாய்மாமன் பேச்சும் ஒன்றாகக் கலந்து கிடப்பதுதான். கலந்துவிட்ட ஒலியைப் பிரிப்பது சாம்பாரிலிருந்து உப்பை எடுக்கிற கதை. பிள்ளைகள் இந்தத் தப்பைச் செய்ய வேண்டியதே இல்லை. ‘அவுட்புட்’ பகுதியை ‘அட்வான்ஸ்டு’ முறைக்கு மாற்றி, பதிவுப் பக்கத்தில் ஒலித் தடங்கள் 1, 2, 3 மூன்றையும் குறியிடுங்கள். பிறகு ஒலிக் கலவைப் பலகையில் ‘அட்வான்ஸ்டு ஆடியோ புராப்பர்டீஸ்’ திறந்து, எல்லாம் சேர்ந்தது 1-க்கும், மைக்கின் ஒலி மட்டும் 2-க்கும், விளையாட்டின் ஒலி மட்டும் 3-க்கும் போகும்படி குறியிடுங்கள். இதற்காகக் கணினிக்குக் கூடுதல் சிரமம் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. ஆனால் நாளைக்கு விளையாட்டிலுள்ள ஆட்டின் சத்தம் பாட்டியின் பேச்சை மறைத்தால், அதை மட்டும் குறைத்துவிடலாம்.

மைக்கிற்கு நாங்கள் ஒன்றும் செலவு செய்யவில்லை. கைப்பேசியோடு வந்த காதொலிக் கம்பியில் உள்ள மைக்கையே அம்மாவின் சேலை மடிப்பில் ஊசி குத்தி வைத்தோம். பேசும்போது ஒலி அளவுக் கோடு மஞ்சள் பகுதியைத் தொட்டு ஆட வேண்டும், சிவப்பை எட்டக்கூடாது. மின்விசிறியை நிறுத்தினோம். இரைச்சலைக் குறைக்க ஓபிஎஸ்ஸிலேயே ஒரு வடிகட்டி இருக்கிறது. அதில் ‘ஆர்என்நாய்ஸ்’ நன்றாக வடிகட்டும். ஆனால் கணினியிடம் அதிக வேலை வாங்கும். ‘ஸ்பீக்ஸ்’ இலேசானது, தரம் மட்டம். தகரக் கூரையில் மழை பெய்தால் இரண்டுமே போதாது. மழை விட்ட பிறகு பதிவு செய்யுங்கள்!

விளையாட்டும் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும்

பதிவைக் குறைத்துவிட்டு விளையாட்டை முழு ஆட்டம் ஆடவிட்டால் பயனில்லை. மைன்கிராஃப்டில் எவ்வளவு தூரம் தெரிய வேண்டும் என்பதற்கு ‘ரெண்டர் டிஸ்டன்ஸ்’ என்று ஓர் எண் உண்டு. அதை 16-இலிருந்து 8 ஆக்கினால் பாதிதான் குறைந்தது என்று எண்ணாதீர்கள். நம்மைச் சுற்றி நாலா பக்கமும் கணினி வரைய வேண்டிய நிலத் துண்டுகள் 1,089-இலிருந்து 289 ஆகிவிடும். தோட்டத்தில் காலைப் பனி விழுந்தால் எவ்வளவு தூரம் தெரியுமோ அவ்வளவு போதும் என்று நானே சமாதானம் சொன்னேன். விளையாட்டின் சட்ட வேகத்தையும் கட்டிப் போட வேண்டும். நாம் எடுப்பது 30 என்றால், விளையாட்டு 60-க்கு மேல் ஓடி ஆகப்போவது என்ன? 60-இல் நிறுத்துங்கள், அதுவும் முடியாவிட்டால் 30-இல். மிச்சப்படும் சக்தி பதிவுக்குப் போகும். ‘ரெண்டரிங் லேக்’ எண் எங்களுக்கு நின்றது இதைச் செய்த பிறகுதான்.

மற்றவை எல்லாம் சில்லறை வேலைகள். உலாவியையும் மற்றவற்றையும் மூடுங்கள். மடிக்கணினியின் மின்கம்பி செருகியிருக்கட்டும். அடியில் மெத்தை, தலையணை வைக்காதீர்கள்; சூடேறினால் சில்லு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பழைய சுழல் வட்டும் எஸ்எஸ்டியும் இருந்தால் பதிவை எஸ்எஸ்டியில் எழுதுங்கள். திரையில் தெரிகிற எல்லாவற்றையும் எடுக்கும் ‘டிஸ்பிளே கேப்சர்’ வேண்டாம். விளையாட்டை மட்டும் எடுக்கும் ‘கேம் கேப்சர்’ போதும். இரண்டு கிராஃபிக்ஸ் உள்ள மடிக்கணினியில் படம் கறுப்பாக வந்தால், விண்டோஸின் கிராஃபிக்ஸ் அமைப்பில் ஓபிஎஸ்ஸையும் விளையாட்டையும் ஒரே கிராஃபிக்ஸ் மேல் ஓடும்படி வையுங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஓபிஎஸ்ஸே வேண்டாம், தலை சுற்றுகிறது என்பவர்களுக்கு, விண்டோஸ் 10, 11 இரண்டிலும் உள்ளுக்குள்ளேயே ஒரு பதிவுக் கருவி இருக்கிறது. விண்டோஸ் பொத்தான், ஆல்ட், ஆர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் பதிவு தொடங்கும். சிறு துணுக்குகளுக்கு நல்லது. ஆனால் அது எம்பி4-இல்தான் எழுதும் என்பதை மறக்க வேண்டாம்.

மறுபடியும் ஒரு சனிக்கிழமை

எதையும் பாட்டியை உட்கார வைப்பதற்கு முன் பரீட்சை பார்க்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தேன். இரண்டு நிமிடம் பதிவு செய்வது, நிறுத்துவது, கேட்டுப் பார்ப்பது, ஓர் அமைப்பை மட்டும் மாற்றுவது, மறுபடி இரண்டு நிமிடம். ஒரே நேரத்தில் நாலைந்தை மாற்றினால் எது சரிசெய்தது, எது கெடுத்தது என்று தெரியாமல் போய்விடும். இரண்டு இரவுகளில் முடிந்துவிட்டது. ‘ஸ்டேட்ஸ்’ பலகையில் இரண்டு எண்களும் பூஜ்யத்தில் நின்றபோது, பையன் அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினான். அத்தானுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் தவணைத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அம்மா ஐம்பது நிமிடம் பேசினார். கோப்பு 1.8 ஜிபி வந்தது. அதை எம்பி4 ஆக்கி, ஒரு பென்டிரைவில் போட்டு அக்காள் வீட்டுத் தொலைக்காட்சியில் செருகினோம். இப்படிச் செய்கிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: ‘ஃபேட்32’ முறையில் அமைத்த பென்டிரைவ் 4 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட ஒரே கோப்பை ஏற்காது. அப்படி வந்தால் பென்டிரைவை ‘எக்ஸ்ஃபேட்’ முறைக்கு மாற்றிக்கொள்ளலாம். மாற்றும்போது உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்பதால் முதலில் பிரதி எடுத்து வையுங்கள். மூல எம்கேவி கோப்பை என் வட்டில் ஒன்றும், அண்ணன் வீட்டில் ஒன்றுமாக வைத்திருக்கிறோம்.

வீடு நிறைய ஆட்கள். எல்லாரும் வாய் திறக்காமல் பார்த்தார்கள். படம் லயத்து வரிசையைத் தாண்டி ஆயாக் கொட்டகைப் பக்கம் திரும்பியதும், அம்மா எழுந்து தொலைக்காட்சிக்கு அருகில் போய்விட்டார்.

“டேய் தம்பி, தண்ணிக் குழாய் இந்தப் பக்கம் இல்லடா. கொட்டகைக்கு அந்தாண்ட, கொய்யா மரத்தடியில இருந்துச்சு.”

“அன்னிக்கு இங்கதான்னு சொன்னீங்களே பாட்டி?”

“சொன்னேன்தான். இப்பப் பார்த்தாத்தானே தெரியுது. கொய்யா மரத்தையும் காணோம்.”

பையன் என்னைப் பார்த்தான். படம் முடிவதற்குள்ளேயே மடிக்கணினியைத் திறந்துவிட்டான். குழாய் இடம் மாறிவிட்டது. கொய்யா மரம் வளர்ந்துகொண்டிருக்கிறது. அடுத்த பதிவு வருகிற சனிக்கிழமை.